இருபத்து நான்கு அட்டைகள்

லிஃப்ட்காரருக்குப் பக்கவாதம் வந்து ஐம்பத்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவரை அப்படித்தான் குறிப்பிடுவார்கள். இருபத்தெட்டு வருடம் லிஃப்டுகளைப் பழுதுபார்த்தவர். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், "நான் இங்கயேதான் இருக்கேன், எங்கயும் போகல, மெதுவா மூச்சு விடுங்க" என்று கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே வேலை பார்ப்பாராம். மருத்துவமனைக்குப் பார்க்க வந்த கூட்டாளிகள் இதைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். "கருவி பாதி வேலை பார்க்கும், அவர் குரல் பாதி வேலை பார்க்கும்" என்றார் ஒருவர். வாய் ஒரு பக்கம் கோணிக் கிடக்க, அவர் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. முழுக்கப் போகவில்லை என்பதுதான் இன்னும் கொடுமை. நாலைந்து சொற்கள் மட்டும் எப்படியோ தப்பித்து நின்றன. "ஒண்ணுமில்ல", "அடடா", "நாளைக்கு". இவை பளிச்சென்று, பழைய குரலிலேயே வரும். ஆனால் தண்ணீர் வேண்டுமென்றாலும் "நாளைக்கு" என்பார். முதுகு வலித்தாலும் "நாளைக்கு"தான். முதல் வாரம் மனைவி அதை நம்பி நாளைக்கு என்றே விட்டுவிட்டாள்.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரு பார்வையில் படித்துவிடுவாள் என்று கடையில் பெயர். இப்போது சம்பளமில்லாத விடுப்பில் வீட்டில் இருந்தாள்.

வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை நாலு மணிக்கு, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வருவாள். மகள் வயதுதான் இருக்கும். முதல் நாளே பொறுமையாக விளக்கினாள். "சொல்லெல்லாம் உள்ள பத்திரமாத்தான் இருக்கும்மா. எடுக்கப் போற வழிதான் அடைபட்டிருக்கு. ஒண்ணை எடுக்கப் போவாரு, பக்கத்துல இருக்கறது கையில வரும். அதனால அவர் தப்பா ஒரு சொல் சொன்னா, அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அதுக்குப் பக்கத்துல என்ன இருக்கும்னு யோசிங்க."

போன வாரம் போகும்போது சொன்னாள்: "படம் போட்ட அட்டை அனுப்பறேன். மொத்தம் இருபத்து நாலு. தண்ணி, சாப்பாடு, வலி, பாத்ரூம் எல்லாம் இருக்கும். சார் தொட்டுக் காட்டினா போதும். பிரிண்ட் எடுத்து வெட்டி வச்சிருங்க, அடுத்த தடவை ஆரம்பிச்சிடலாம். உங்க வீட்ல பிரிண்டர் இருக்குல்ல?"

"இருக்கு" என்றாள் மனைவி. "அவர்தான் பாத்துப் பாத்து வாங்கினாரு."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவரைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, கூடத்தில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மூலையிலிருந்த கம்ப்யூட்டரின் முன் அவள் உட்கார்ந்தாள். பிரிண்டர் பக்கத்து ஸ்டூலில் இருந்தது. படங்களைத் திறந்து பிரிண்ட் கொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி கொடுத்தாள். பிரிண்டரின் சின்ன விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்ததே தவிர, தாள் நகரவில்லை. திரையின் ஓரத்தில் 'ஆஃப்லைன்' என்று ஒரு சொல் வந்து நின்றது.

தாளை வெளியே எடுத்துத் தட்டி அடுக்கி மறுபடி வைத்தாள். அணைத்துப் போட்டாள். பிளக்கைப் பிடுங்கி, இருபது எண்ணி, செருகினாள். மூடியைத் திறந்து பார்த்தாள், மை இருந்தது. சந்தேகம் தீர அவருடைய மருந்துச் சீட்டைக் கண்ணாடி மேல் கவிழ்த்து, நகல் எடுக்கும் பொத்தானை அழுத்தினாள். அச்சு அசலாக ஒரு நகல் வந்து விழுந்தது.

"நல்லாத்தானே இருக்கு!" என்றாள் வாய்விட்டு. "நான் கொடுத்தா மட்டும் ஏன் வேலை செய்ய மாட்டேங்குது?"

நாற்காலியில் அவர் அசைந்தார். "ஒண்ணுமில்ல" என்றார்.

"சும்மா இருங்க."

வேறு ஊரில் வங்கியில் வேலை பார்க்கும் மகளைக் கூப்பிட்டாள். மகள் குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள். பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் போல.

"அம்மா, எத்தனை தடவை பிரிண்ட் கொடுத்த?"

"ஒரு ரெண்டு தடவை."

"உண்மையைச் சொல்லு."

"ஏழு இருக்கும்."

"ஏழும் வரிசையில நிக்கும். கீழ வலது பக்கம் குட்டியா பிரிண்டர் படம் தெரியுதா? அதைத் திற. எல்லாத்தையும் அழி. இல்லன்னா அது ஓடற அன்னிக்கு ஏழு தடவை அடிச்சுத் தள்ளும்."

அழித்தாள். பிறகு பிரிண்டரையே கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கச் சொன்னாள் மகள். அதற்கே அரை மணி நேரம் போயிற்று. நீக்குவது சுலபமாக முடிந்தது. சேர்க்கப் போனால், 'தேடுகிறது' என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில், அப்படி எதுவும் இல்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது.

"எப்படிடீ இல்லாம போகும்? ஒரு முழம் தள்ளி ஸ்டூல் மேல இருக்கு!"

"அம்மா, கத்தாத. பேசாம வெளிய கடையில போய் எடுத்துட்டு வந்துடேன்."

"யார்கிட்ட விட்டுட்டுப் போறது? போன வாரம் பால் வாங்கக் கீழ போயிட்டு வரதுக்குள்ள எந்திரிக்கப் பாத்து விழுந்து கிடந்தாரு. நெத்தியில இன்னும் வீக்கம் இருக்கு."

விழுந்ததை மகளிடம் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"மீட்டிங் இருக்கும்மா" என்றாள் மகள். "ஒரு மணிக்குக் கூப்பிடறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். லிஃப்ட்காரர் இடது கையால் சக்கரத்தைத் தள்ளி, நாற்காலியைக் கோணலாக நாலடி நகர்த்தியிருந்தார். முகம் சிவந்திருந்தது. இடது கையை நீட்டிப் பிரிண்டரைக் காட்டினார்.

"சா... சாவி" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். ஐம்பத்து நான்கு நாளில் புதிதாக ஒரு சொல்.

"சாவியா? என்ன சாவி?"

"சாவி. சாவி."

ஓடிப்போய் அலமாரிச் சாவியை எடுத்து வந்து காட்டினாள். தலையை ஆட்டி மறுத்தார். வாசல் கதவின் சாவி. அதுவும் இல்லை. அவருடைய வேலைப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். லிஃப்ட் அறைகளைத் திறக்கும் பெரிய கொத்து ஒன்று விழுந்தது. அதை எடுத்து நீட்டினாள். கம்பெனிக்காரர்கள் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்த கொத்து அது.

"இதுவா?"

"சாவி!" என்று அவர் கத்தினார். இடது முஷ்டியால் நாற்காலியின் கையை ஓங்கிக் குத்தினார்.

எச்சில் ஒழுகியது. அவள் துடைக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். கம்ப்யூட்டரைக் காட்டினார், பிரிண்டரைக் காட்டினார், வாசல் பக்கம் எங்கேயோ காட்டினார். ஒவ்வொன்றுக்கும் அதே சொல். பத்து தடவை, பதினைந்து தடவை. அவளுக்கும் காலையிலிருந்து ஒரு வாய் உள்ளே போகவில்லை. கொத்தை அவர் மடியில் எறிந்தாள்.

"இந்தாங்க சாவி! மொத்தமும் இதுதான். எதை வேணும்னாலும் திறந்துக்குங்க! நான் என்ன ஜோசியமா பாக்கறேன்? உள்ள என்ன ஓடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கொத்து மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு மிகத் தெளிவாக, வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது சொல்கிற அதே தொனியில், "ஒண்ணுமில்ல" என்றார்.

அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அழுகை வரவில்லை. முப்பது வருடத்தில் இந்த மனிதரிடம் குரலை உயர்த்தியது இரண்டு தடவையோ மூன்று தடவையோதான். அப்போதெல்லாம் அவர் பதிலுக்கு ஏதாவது கிண்டல் சொல்வார், இவளுக்குச் சிரிப்பு வந்து சண்டை கெட்டுப்போகும். இன்றைக்குத் திருப்பிச் சொல்ல முடியாதவரிடம் கத்தியிருக்கிறாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ரொட்டியைப் பாலில் ஊறவைத்து அவருக்கு ஊட்டினாள். அவர் வாயைத் திறந்தார், விழுங்கினார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு மணிக்கு மகள் கூப்பிட்டாள். அம்மா போனை மேஜை மேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி செய்தாள்.

"அப்பா, எப்படி இருக்கீங்க?"

"நாளைக்கு" என்றார்.

"காலையிலேர்ந்து சாவி சாவின்னு ஒரே பிடிவாதம்" என்றாள் அம்மா. "வீட்ல இருக்கற எல்லாச் சாவியும் காட்டிட்டேன்."

"பிரிண்டரைப் பாத்தா சொன்னாரு?"

"அதைத்தான் காட்டினாரு. அப்புறம் கம்ப்யூட்டரை. அப்புறம் வாசப்பக்கம்."

"வாசப்பக்கம் என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. செருப்பு அலமாரி. அதுக்கு மேல இன்டர்நெட் பெட்டி."

"அம்மா, அந்தப் பெட்டி பழசா, புதுசா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்குப் பக்கவாதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் இன்டர்நெட் கம்பெனி ஆள் வந்து பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டுப் போனான். அன்று மாலையே இவர் கம்ப்யூட்டரையும் இரண்டு போன்களையும் அதில் சேர்த்தார். பிரிண்டரை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்கிறேன் என்றார். சனிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்து பிரஷ் விழுந்தது.

"அதான்!" என்றாள் மகள். "பிரிண்டர் இன்னும் பழைய பெட்டியைத் தேடிக்கிட்டு இருக்கு. புதுசை அதுக்கு யாரும் காட்டவே இல்ல. அப்பா, நீங்க சொன்னது பாஸ்வேர்டா? சாவின்னா பாஸ்வேர்டா?"

லிஃப்ட்காரர் நாற்காலியின் கையைத் தட்டினார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. கண்கள் நிறைந்து வழிந்தன. பயிற்சிக்காரப் பெண் சொன்னது சரிதான்: பாஸ்வேர்டை எடுக்கப் போயிருக்கிறார், பக்கத்தில் இருந்த சாவி கையில் வந்திருக்கிறது. அவரைப் பொறுத்தவரை காலையிலேயே சரியான விடையைச் சொல்லிவிட்டார். வீட்டில் வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

"அப்பாவைப் பாத்துக்கோம்மா" என்றாள் மகள். "மத்ததை அவரே சொல்லிக் குடுப்பாரு."

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் பாஸ்வேர்ட் இருந்தது. எழுத்தும் எண்ணும் கலந்து பதினாறு. அவற்றைப் பிரிண்டரின் தீப்பெட்டி அளவுத் திரையில், அம்புக்குறிப் பொத்தான்களை அழுத்தி அழுத்தி ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து உள்ளிட வேண்டும். நாற்காலியை ஸ்டூலை ஒட்டி நகர்த்தினாள். சீட்டை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். அவர் இடது கை ஆள்காட்டி விரலால் பொத்தானை அழுத்தினார். வேண்டிய எழுத்தைத் தாண்டிப் போய்விடுவார், திரும்பி வருவார். அவள் தன் விரலை வைத்து உதவப் போகவில்லை. காலையில் நடந்ததற்கு ஈடாக அவளால் அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

பதினாறும் முடிந்தது. தவறு என்றது திரை. முதலிலிருந்து மறுபடி. மறுபடியும் தவறு.

அவர் சீட்டை வாங்கித் தொடைமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஐந்தாவது எழுத்தில் விரலை வைத்தார்.

"அது 'ஓ'தானே?" என்றாள் அவள்.

இல்லை என்று தலையை ஆட்டினார். மேஜையின் மேல் படிந்திருந்த தூசியில் விரலால் ஒரு வட்டம் போட்டார். அதன் குறுக்கே ஒரு சாய்ந்த கோடு இழுத்தார். அவருடைய வேலைக் குறிப்பேட்டில் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். லிஃப்டின் மின்பலகை எண்களை எழுதும்போது எழுத்தோடு குழம்பாமல் இருக்கப் பூஜ்யச் சுழியை அப்படித்தான் வெட்டி எழுதுவார்.

"சுழி! இது எழுத்து இல்ல, சுழியா?"

அவர் முகத்தின் இடது பாதி சிரித்தது.

மூன்றாவது தடவை திரையில் சரி என்று வந்தது. விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்த விளக்கு நிலையாக நின்றது. கம்ப்யூட்டரும் இந்தத் தடவை அதைக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ள, அவள் பிரிண்ட் கொடுத்தாள். பிரிண்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு தாளை உள்ளே இழுத்தது. தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம், வலி. அடுத்த தாளில் குளிர், வெக்கை, தூக்கம், வெளிச்சம். ஆறு தாள் வந்தன, ஆனால் நிற்கவில்லை. மகள் காலையில் அவ்வளவு சொல்லியும் இவள் அவசரத்தில் இரண்டு தடவை பொத்தானைத் தட்டியிருந்தாள். இரண்டாவது செட்டும் வந்து விழ ஆரம்பித்தது.

அவள் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "கெட்டிக்காரர்ங்க நீங்க" என்றாள். "நான்தான் மக்கு."

"அடடா" என்றார் அவர். அந்த ஒரு தடவை அந்தச் சொல் பொருத்தமாகவே வந்தது.

உடனே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து வெட்டினாள். பழைய காலண்டர் அட்டையில் ஒட்டி, நான்கு வரிசையாக அவர் முன்னால் மேஜையில் பரப்பினாள். மூன்று மணி ஆகியிருந்தது. பிரிண்டரை ஜெயித்த தெம்பு இன்னும் அவளிடம் இருந்தது.

"இப்ப சொல்லுங்க. இத்தனை நாளா சொல்லணும்னு இருந்திருக்குமே. எதுன்னாலும் தொடுங்க."

அவர் குனிந்தார். முதல் வரிசையை இடமிருந்து வலமாகப் பார்த்தார். இரண்டாவது. மூன்றாவது. கடைசி வரிசை முடிந்ததும் முதல் வரிசைக்குத் திரும்பினார். விரல் ஒவ்வொரு படத்தின் மேலும் போய் நின்று, தொடாமல் நகர்ந்தது. பிறகு ஒவ்வொரு அட்டையாகத் தூக்கி அடியில் பார்த்தார், கீழே வேறு ஏதாவது ஒளிந்திருப்பதுபோல.

"அவ்வளவுதாங்க. இருபத்து நாலுதான்."

பிரிண்டர் பக்கம் கையைக் காட்டினார். மிச்சத் தாள்களைக் கேட்கிறார். அவள் இரண்டாவது செட்டை எடுத்துக் கொடுத்தாள். "இதுவும் அதேதான்" என்றாள். நம்பாமல் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசித் தாளையும் பார்த்து முடித்ததும் மொத்தத்தையும் மெதுவாக மேஜை ஓரத்துக்குத் தள்ளி வைத்தார்.

"இதுல இல்லையா?"



அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "நான் கேக்கறேன். சரின்னா தட்டுங்க. பொண்ணைப் பத்தியா?" இல்லை என்று தலையை ஆட்டினார். "எங்கயாவது வலியா? வலி இங்க இருக்கு பாருங்க. இல்லையா? வேலை சம்பந்தமா? யாரையாவது பாக்கணுமா? பயமா இருக்கா?" விரல் தட்டுவதற்கு உயர்ந்த மாதிரி இருந்தது, தட்டவில்லை. "என் மேல கோவமா?" அவர் அவளை நேராகப் பார்த்தார். உதடுகள் குவிந்தன. ஏதோ ஒரு எழுத்து வரப் போகிறது என்று அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"நாளைக்கு" என்றார்.

அது தான் சொல்ல வந்ததில்லை என்பது அவருக்கே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

சரியாக நாலு மணிக்குப் பயிற்சிக்காரப் பெண் வந்தாள். அட்டைகளைப் பார்த்து, "அழகா ஒட்டியிருக்கீங்கம்மா" என்றாள். "சார், தண்ணி எங்க இருக்கு காட்டுங்க பாப்போம்." அவர் தண்ணீரைத் தொட்டார். "தூக்கம்?" தொட்டார். இருபத்து நாலில் பத்தொன்பது சரி. இரண்டு மாதத்தில் இது பெரிய முன்னேற்றம் என்று அவள் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. பரீட்சை எழுதுகிறவர்போலக் கேட்டதற்கெல்லாம் கையை நீட்டினார்.

வாசலில் அவளை வழியனுப்பும்போது மனைவி தணிந்த குரலில் கேட்டாள். "அவருக்கு ஏதோ ஒண்ணு சொல்லணும்மா. அது இந்த அட்டையில இல்ல. என்ன பண்றது?"

அந்தப் பெண் செருப்பு மாட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். "அடுத்த மாசம் இன்னும் இருபது அனுப்பறேன். அதுல சந்தோஷம், கோவம், வருத்தம் எல்லாம் வரும்."

"அதுலயும் இல்லன்னா?"

"தெரியலம்மா" என்றாள். அந்த வயதுக்கு அவள் பொய் சொல்லாமல் இருந்தது மனைவிக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதனால் எந்த ஆறுதலும் இல்லை.

உள்ளே வந்தபோது அவர் ஓர் அட்டையின் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஓடிப்போய்ப் பார்த்தாள். பாத்ரூம். கூட்டிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து அட்டைகள் நன்றாகவே உழைத்தன. தண்ணீரும் வலியும் முனை மழுங்கிப் போய், புதிதாக அச்சடித்து ஒட்ட வேண்டி வந்தது. பிரிண்டர் அதற்குப் பிறகு தகராறு செய்யவில்லை. ஏழாவது மாதம் "தண்ணி" அவர் வாயிலிருந்தே வந்தது. ஒன்றரை வருடத்தில் ஐம்பது அறுபது சொற்கள் சேர்ந்தன. உடைந்த வாக்கியமாக, மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். பழைய குரல் திரும்பவில்லை. "நாளைக்கு" என்பதை நாளைக்கு என்ற பொருளிலேயே சொல்லவும் தொடங்கினார்.

அப்போது ஒரு நாள் அவள் கேட்டாள். "அட்டை வந்த அன்னிக்கு ஒண்ணு தேடினீங்களே. என்னங்க அது?"

அவர் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தார். சொல் கிடைக்காமல்தான் திணறுகிறார் என்று நினைத்து அவள் காத்திருந்தாள்.

"எந்த... அட்டை?" என்றார்.

அவள் சொல்லிப் பார்த்தாள். காலண்டர் அட்டை, கத்தரிக்கோல், தூசியில் போட்ட சுழி. அவர் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார். கடைசியில் இல்லை என்று தலையை ஆட்டினார். அந்த நாளே அவரிடம் இல்லை.